எழுபது பவுண்டு வில்லங்கம்

முடிவெடுத்துவிட்டேன். இந்த வருஷம் என் வில்லை நான்தான் தேர்ந்தெடுப்பேன். நான் மட்டும்.

இதில் என்ன வீரம் என்று நினைப்பீர்கள். நீங்கள் ஆர்லிஸுக்கு இருபத்தாறு வருஷம் கணவனாக இருந்து பார்த்ததில்லை. எங்கள் வண்டிக்கு நிறம் சொன்னது அவள். நாய்க்குப் பேர் வைத்தது அவள். என் மீசையின் இரண்டு முனையும் எங்கே முடிய வேண்டும் என்று கண்ணாடி முன்னால் நிறுத்தி விரல் வைத்துக் காட்டியதும் அவள்தான். பள்ளிக்கூடச் சமையலறையை அவள் நடத்துகிறாள். முந்நூறு பிள்ளைகளை ஒரே பார்வையில் வரிசையில் நிறுத்துவாள். எனக்கு அரைப் பார்வை போதும்.

நான் பால் லாரி ஓட்டுகிறேன். பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் ஏற்றிக்கொண்டு வந்து சீஸ் தொழிற்சாலையில் இறக்குவேன். அங்கே பாலை வாங்குகிறவன் என் பக்கத்து வீட்டு வெண்டல். பள்ளிக்கூடத்திலிருந்து கூடப் படித்தவன், கூடச் சண்டை போட்டவன். அவன் நிலத்துக்கும் எங்கள் நிலத்துக்கும் நடுவே ஒரு கம்பி வேலி. வேலிக் கோட்டிலேயே, பாதி அவனுக்கு, பாதி எங்களுக்கு என்று, ஒரு பெரிய ஓக் மரம். செப்டம்பரில் அது கொட்டைகளை உதிர்க்கும். அந்தக் கொட்டைகளைத் தின்ன மேயர் வருவார்.

மேயர் என்பது ஒரு கலைமான். பத்துக் கிளைக் கொம்பு. யாரையும் பார்க்காமல், எல்லாரும் தன்னைப் பார்க்கிறார்கள் என்ற நினைப்பில் நடப்பதால் வெண்டலின் மனைவி பெவ் வைத்த பேர். எங்கள் விஸ்கான்சின் மூலையில் மேயருக்காக மூன்று வருஷமாக இரண்டு ஆண்கள் ஒரே மரத்துக்கு அடித்துக்கொள்கிறோம். யார் முதலில் ஏறிப் பரண் கட்டுகிறானோ அவனுக்கு மரம். மூன்று வருஷமும் வெண்டல் முந்திக்கொண்டான். மூன்று வருஷமும் மேயர் தப்பித்தார். மான் போனாலும் மானம் போகக் கூடாது என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

ஜூலைக் கடைசியில் வெண்டல் ஒரு புது வில் வாங்கினான். எழுபது பவுண்டு. நாணை இழுக்க அவ்வளவு பலம் வேண்டுமாம். தொழிற்சாலை வாசலில் என் லாரியை நிறுத்திவைத்துவிட்டு இருபது நிமிஷம் அதைப் பற்றிப் பேசினான். பால் திரிந்திருக்கும்.

மறுநாள் காலை நான் சாப்பாட்டு மேஜையில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"ஆர்லிஸ், நான் ஒரு வில்லு வாங்கப் போறேன்."

அவள் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"வாங்கு."

நான் ராத்திரி முழுக்க யோசித்து வைத்திருந்த பதினோரு காரணங்கள் தொண்டையிலேயே நின்றுவிட்டன.

"புதுசு வாங்கப் போறேன்."

"சரி."

"காம்பவுண்ட் வில்லு."

"வேற எத வாங்குவ? சுவரா?"

"நானே தேர்ந்தெடுக்கப் போறேன்."

"தாராளமா. எத்தன பவுண்டு இழுவை?"

அவளுக்கு இழுவை பற்றி எப்படித் தெரியும் என்று நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

"எழுபது."

"உன் தோளு?"

"என் தோளுக்கு என்ன?"

"போன வாரம் ஊறுகாய் ஜாடி மூடியத் திறக்க முடியாம வெந்நீர்ல முக்கி வெச்சு, அப்புறம் அதுகிட்ட கெஞ்சிட்டிருந்த."

"ஜாடி வேற, மான் வேற."

"ஆமா. மான் ஓடிரும். ஜாடி அங்கயேதான இருந்துச்சு."

எங்கள் ஊரில் பிடித்த மீனின் நீளத்தையும் இழுக்கிற வில்லின் பவுண்டையும் பற்றி எந்த ஆம்பளையும் நிஜம் சொன்னதாகச் சரித்திரம் இல்லை. எழுபதுக்குக் கீழே ஒரு எண்ணைச் சொன்னால், "பாவம், ஆபரேஷனா?" என்று விசாரிப்பார்கள். வெண்டலிடம் எழுபது இருக்கும்போது நான் ஐம்பதை வைத்துக்கொண்டு எப்படி வேலியோரம் நடமாடுவது?

"எழுபதுதான்" என்றேன்.

"எழுபதே வாங்கு, கண்ணு" என்றாள் ஆர்லிஸ்.

அவள் என்னைக் கண்ணு என்று கூப்பிட்டால் அந்த விஷயத்தில் எனக்குத் தெரியாத ஏதோ ஒன்று நடந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதையும் நான் கவனிக்கவில்லை. சந்தோஷத்தில் காது அடைத்துவிட்டது.

அடுத்த பத்து நாள் நான் மனுஷனாகவே இல்லை. வில்லுப் பட்டியல் புத்தகங்கள் தலையணைக்குக் கீழே, லாரி இருக்கையில், குளியலறையில். ஒன்று எடை குறைவு. ஒன்று சத்தமே வராது. ஒன்றின் சக்கரங்கள் விமானத்துக்குப் போடுகிற உலோகத்தில் செய்தவை. இரவு சாப்பாட்டின்போது ஆர்லிஸுக்குப் படித்துக் காட்டினேன்.

"இதக் கேளு. அம்பு வினாடிக்கு முந்நூத்தி நாப்பது அடி போகுமாம்!"

"மான் எவ்வளவு தூரத்துல நிக்கும்?"

"அறுபதடி."

"அப்புறம் எதுக்கு இவ்வளவு அவசரம்?"

"வேகம் இருந்தாத்தான் ஆர்லிஸ், மான் திரும்பறதுக்குள்ள…"

"மேயர் உன்னப் பாத்து மூணு வருஷமா திரும்பினதே இல்லையே."

நான் பக்கத்தைத் திருப்பினேன்.

சனிக்கிழமை ரோஸ்கோ கடைக்குக் கிளம்பினேன். தீவனக் கடைக்குப் பின்னால் நீளமான ஒரு கொட்டகை. முன்பக்கம் சுவர் முழுக்க வில். பின்பக்கம் ஓட்டை ஓட்டையாக ஒரு ரப்பர் மான். ரோஸ்கோவுக்கு எழுபது வயசு, ஒரு காது கேட்காது. எந்தக் காது என்பது நாம் என்ன கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது.

"நானும் வர்றேன்" என்றாள் ஆர்லிஸ். "பறவைங்களுக்குத் தீனி வாங்கணும்."

"தீனிக்கடை முன்னாடி இருக்கு. வில்லுக்கடை பின்னாடி இருக்கு. நீ முன்னாடியே நின்னுக்க."

"நிக்கறேன்" என்றாள். என்னோடு பின்னால் வந்து நின்றாள்.

உள்ளே வெண்டல் அம்பு வாங்கிக்கொண்டிருந்தான். ஊரில் வேறு நாளே கிடைக்கவில்லை அவனுக்கு.

பரவாயில்லை. சுவரைப் பார்த்ததும் எனக்கு வெண்டல் மறந்துபோனான், ஆர்லிஸ் மறந்துபோனாள், என் வயசு மறந்துபோனது. முதல் வில்லை எடுத்தேன். கனம். இரண்டாவது லேசு, ஆனால் கைப்பிடி என் கையோடு ஒட்டவில்லை. மூன்றாவது! காய்ந்த இலையின் நிறம். இரண்டு முனையிலும் கறுப்புச் சக்கரங்கள். கைப்பிடி, என் கையை அச்சு எடுத்து வார்த்த மாதிரி. கல்யாணத்தன்றுகூட எனக்கு நெஞ்சு இப்படி அடித்ததில்லை. அன்றைக்கு அடித்தது வேறு மாதிரி.

"இதுதான்!" என்றேன். "ரோஸ்கோ, எழுபது பவுண்டுல குடு."

"எழுபதா?" என்றார் ரோஸ்கோ, என் தோளைப் பார்த்து.

"எழுபதா?" என்றான் வெண்டல், ரோஸ்கோவைப் பார்த்து.

"எழுபதாம்" என்றாள் ஆர்லிஸ், கூரையைப் பார்த்து.

நாணைப் பிடித்தேன். இழுத்தேன்.

இந்த வில்லில் ஒரு சூட்சுமம் உண்டு. முதல் பாதி இழுப்பதுதான் பாரம். அந்த மேட்டைத் தாண்டிவிட்டால் சக்கரம் சுற்றி முக்கால் பாரத்தைத் தானே வாங்கிக்கொள்ளும். அப்புறம் பூ மாதிரி பிடித்துக்கொண்டு நிற்கலாம். ஆனால் மேட்டைத் தாண்ட வேண்டும்.

தாண்டவில்லை. வில்லை வானத்தைப் பார்த்துத் தூக்கி இழுத்தேன். தரையைப் பார்த்து இறக்கி இழுத்தேன். ஒரு காலைத் தூக்கினேன். எதற்கென்று தெரியாது, அது தானாகத் தூக்கிக்கொண்டது. சட்டையின் மேல் பொத்தான் தெறித்து ரப்பர் மானின் மேல் பட்டது. அன்றைக்கு என் கையால் மான் மேல் பட்டது அது ஒன்றுதான். வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. கன்று போடும்போது மாடு அப்படித்தான் கத்தும்.

"டேய் டெல்மர், ஆம்புலன்ஸ் கூப்பிடவா?" என்றான் வெண்டல்.

"வெடுக்குனு விட்டுராத!" என்று ரோஸ்கோ கத்தினார். "அம்பு இல்லாம விட்டா வில்லு வெடிச்சுரும்! மெதுவா, மெதுவா!"

இழுக்கவும் முடியவில்லை. விடவும் முடியவில்லை. வில்லும் அங்கமும் ஒட்டிக்கொண்டால் அதுதான் வில்லங்கம் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். நாணைப் பிடித்தவனுக்கு நாணம் பிடுங்கித் தின்றது.

ஒருவழியாக இறக்கினேன். வெண்டல் வாயைத் திறக்கப் போனான். அதற்குள் ஆர்லிஸ் முந்திக்கொண்டாள்.

"புது வில்லுல்ல ரோஸ்கோ, சக்கரம் இறுகிப்போயிருக்கும். எண்ணெய் போடாமலே மாட்டி வெச்சிட்டீங்க போல."

ரோஸ்கோ அவளைப் பார்த்தார். நல்ல காது எது என்று முடிவு செய்ய அவருக்குக் கொஞ்சம் நேரம் ஆனது.

"ஆமாமா. எண்ணெய். மறந்துட்டேன். உள்ள எடுத்துட்டுப் போயிப் போட்டுட்டு வர்றேன்."

"நானும் வந்து வெளிச்சம் பிடிக்கறேன்" என்று ஆர்லிஸ் கூடவே போனாள்.

நான் நெஞ்சை நிமிர்த்தினேன். "பாத்தியா வெண்டல்? எண்ணெய்!"

"எண்ணெய் உனக்கா வில்லுக்கா?" என்றான் அவன்.

எண்ணெய் போட முக்கால் மணி நேரம் ஆனது. உள்ளேயிருந்து சுத்தியல் சத்தம் கேட்டது, ஸ்பேனர் சத்தம் கேட்டது, ஒரு தடவை ஆர்லிஸ் சிரிக்கிற சத்தமும் கேட்டது. நல்ல எண்ணெய் போல என்று நினைத்துக்கொண்டேன்.

வில் வந்தது. இரண்டு பக்கமும் இலை நிறத்தில் டேப் சுற்றியிருந்தது.

"இது எதுக்கு?"

"கீறல் விழாம இருக்க" என்றார் ரோஸ்கோ, கேட்காத காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு.

இழுத்தேன்.

அடடா! வெண்ணெயில் கத்தி! மேட்டைத் தாண்டினேன், சக்கரம் சுற்றியது, நாண் என் கன்னத்தில் வந்து உட்கார்ந்தது. அப்படியே நின்றேன். மூச்சு வாங்கவில்லை, கால் தூக்கவில்லை. கண்ணோரமாக வெண்டலைப் பார்த்தேன். திறந்த வாய் திறந்தபடி.

"அம்மாடியோ!" என்று கன்னத்தில் கை வைத்தாள் ஆர்லிஸ். "எழுபது பவுண்டு!"

இருபத்தாறு வருஷத்தில் அவள் என்னைப் பார்த்து அம்மாடியோ சொன்னது அதுதான் முதல் தடவை. அந்த நிமிஷத்தில் அவள் எதைக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன். அவளும் கேட்டாள்.

"பழைய வில்ல ரோஸ்கோகிட்டயே குடுத்துரு. வீட்ல எடத்த அடைக்குது."

கொடுத்துவிட்டேன்.

அந்த ஆகஸ்ட் என் வாழ்க்கையிலேயே நல்ல மாசம். லாரியை நிறுத்தினதும் நேராகப் பின்முற்றம். வைக்கோல் கட்டுகளுக்கு முன்னால் ஒரு ரப்பர் மான். முதல் வாரம் வைக்கோலில் பட்டது. இரண்டாம் வாரம் மானின் பின்னங்காலில். மூன்றாம் வாரம் நெஞ்சில்! அதுவும் எப்படி? சாயங்காலம் போய்ப் பார்த்தால் நெஞ்சில் ஓட்டைகள் கொத்தாக இருக்கும். எண்ணினால் நான் விட்ட அம்புகளைவிட அதிகம். நேற்று விட்டது மறந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். சாதித்தவன் கணக்குப் பார்க்கக் கூடாது.

ஆர்லிஸ் சமையலறை ஜன்னலில் நின்று பார்ப்பாள்.

"முழங்கைய இன்னும் கொஞ்சம் ஏத்து, கண்ணு. நாண விடற விசைய வெடுக்குனு தட்டாத, மெதுவா அமுக்கு."

"உனக்கு என்ன தெரியும்?"

"சும்மா சொன்னேன்."

ஏற்றினேன், அமுக்கினேன். நடுவில் பட்டது. தற்செயல்.

செப்டம்பர் முதல் வெள்ளிக்கிழமை வழக்கம்போல ஊர் முழுக்க மீன் வறுவலுக்கு உணவு விடுதியில் கூடினோம். நானும் ஆர்லிஸும், வெண்டலும் பெவ்வும், ஒரே மேஜை. வெண்டல் இரண்டாவது பிராந்தி டம்ளரில் இருந்த செர்ரிப் பழத்தைக் கடித்துக்கொண்டு ஆரம்பித்தான்.

"மேயரப் பாத்தேன். நம்ம மரத்தடியில. இந்த வருஷம் கொம்பு இன்னும் அகலம்."

"நம்ம மரமா? யாரு மரம்?"

"முதல்ல ஏறினவன் மரம். சீசன் அன்னிக்கு நீ குறட்டை விடும்போது நான் மேல இருப்பேன்."

"எழுபது பவுண்டு வில்லு என்கிட்டயும் இருக்கு."

"உன் எழுபது அன்னிக்கே பாத்தமே. கால் ஒண்ணு அந்தரத்துல."

"அது எண்ணெய்!"

"நிறுத்துங்க ரெண்டு பேரும்" என்றாள் ஆர்லிஸ். "வருஷா வருஷம் இதே கதை. போட்டி வெச்சு முடிங்க. நாளான்னிக்கு, சர்ச் விட்டதும், எங்க முற்றத்துல. வில்ல முழுசா இழுத்துப் பிடிக்கணும். யாரு முதல்ல இறக்கறாங்களோ அவங்க தோத்தாங்க. ஜெயிச்சவங்களுக்கு ஓக் மரம். தோத்தவங்களுக்கு ஆத்து வளைவுல இருக்கற பரண்."

"ஐயோ, நல்ல யோசனை!" என்று பெவ் கை தட்டினாள். ரொம்ப வேகமாகத் தட்டினாள்.

ஆர்லிஸ் தட்டுக்குக் கீழே போடுகிற காகிதத்தை உருவி, பின்பக்கம் எழுதினாள். மீன் எண்ணெய் படாத இடமாகப் பார்த்து வெண்டல் கையெழுத்துப் போட்டான். நானும் போட்டேன். படித்தேனா? வெண்டலை முறைத்துக்கொண்டே கையெழுத்துப் போடுகிறவன் எங்கே படிப்பது?

ஞாயிற்றுக்கிழமை. நல்ல வெயில். இருபது பேர் வந்துவிட்டார்கள், பாதிரியார் உட்பட. பெவ் எலுமிச்சைப் பானம் ஊற்றினாள். ஆர்லிஸ் கையில் கடிகாரம்.

"இழுங்க!"

இழுத்தோம். முதல் நிமிஷம் சுகம். வெண்டல் என்னைப் பார்த்துச் சிரித்தான். நான் அவனைப் பார்த்துக் கண் அடித்தேன்.

இரண்டாவது நிமிஷம் வெண்டலின் சிரிப்பு அப்படியே இருந்தது, ஆனால் அதற்குள் ஆள் இல்லை. என் தோளும் கதகதவென்று சூடாகிக்கொண்டு வந்தது. ஒரு குளவி வந்து எலுமிச்சைப் பானம் பட்ட என் மீசையில் உட்கார்ந்தது. அசையவில்லை நான். மேயர் வந்து மூக்கை நக்கினாலும் அசைந்திருக்க மாட்டேன்.

"மூணு நிமிஷம்!" என்றாள் ஆர்லிஸ்.

வெண்டலின் அம்பு நுனி நடுங்கியது. முதலில் மானைச் சுற்றியது, அப்புறம் வைக்கோலைச் சுற்றியது, அப்புறம் பாதிரியார் இருந்த திசையைக் கொஞ்சம் யோசித்தது. பாதிரியார் மரத்துக்குப் பின்னால் போனார்.

"இறக்குடா வெண்டல்!" என்று பெவ் கத்தினாள்.

"மாட்…டே…ன்…"

'டக்' என்று ஒரு சத்தம். வில் உடைந்தது என்று நினைத்தேன். இல்லை. தோள். வில் அவனை இழுத்துக்கொண்டு போய் முன்னால் குப்புறத் தள்ளியது. அம்பு புல்லில் குத்தி நின்றது.

நான் விசையை மெதுவாக அமுக்கினேன். மானின் நெஞ்சுக்கு நேர் நடுவில் போய்ச் செருகியது அம்பு.

அப்புறம் என்ன நடந்தது என்று எனக்குச் சரியாக நினைவில்லை. யாரோ தோளில் தட்டினார்கள், தோள் கத்தியது, நானும் கத்தினேன். ஆர்லிஸ் ஓடி வந்து கட்டிக்கொண்டாள். "ஜெயிச்சிட்டோம்!" என்றாள். 'டோம்' என்றதை நான் அன்பு என்று எடுத்துக்கொண்டேன். வெண்டலின் கை மூன்று வாரத்துக்குக் கழுத்தில் கட்டின துணித் தொட்டிலில் கிடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பாவமாகத்தான் இருந்தது. ஐந்து நிமிஷம்.

சீசன் திறக்கிற சனிக்கிழமை. விடிய ஒரு மணி நேரம் இருக்கும்போதே துள்ளி எழுந்தேன். வேட்டைச் சட்டை, வேட்டைக் கால்சட்டை, பூட்ஸ். நடையில் இருக்கிற கொக்கியில் கை வைத்தேன். வில் இல்லை.

சமையலறையில் விளக்கு எரிந்தது. ஆர்லிஸ் மேஜையருகே நின்றுகொண்டிருந்தாள். அவள் அப்பாவின் பழைய வேட்டைச் சட்டை, தலையில் தொப்பி, முகத்தில் கரிக்கோடு. கையில் என் வில்.

"எந்திரிச்சிட்டியா? காபி இருக்கு" என்றாள்.

"ஆர்லிஸ், அது என் வில்லு."

"தெரியும்."

"நான் மரத்துக்குப் போகணும்."

"மரத்துக்கு நான் போறேன்."

"ஜெயிச்சது நானு! காகிதத்துல எழுதியிருக்கு!"

அவள் பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து மேஜைமேல் விரித்தாள். மீன் எண்ணெய் வாசம் இன்னும் போகவில்லை.

"படி."

படித்தேன். 'ஜெயிக்கிற வீட்டாருக்கு ஓக் மரம். தோற்கிற வீட்டாருக்கு ஆற்று வளைவு.'

"வீட்டுக்காரருக்குன்னு எழுதலயே" என்றாள் ஆர்லிஸ். "வீட்டாருக்குன்னுதான் எழுதியிருக்கேன். நானும் வீட்டார்தான?"

"ஆனா, ஆனா அது எழுபது பவுண்டு! உன்னால இழுக்கவே…"

அவள் வில்லின் மேல் சுற்றியிருந்த டேப்பை நகத்தால் பிரித்தாள். உள்ளே சின்னதாக ஒரு எண் ஒட்டியிருந்தது. நாற்பத்தெட்டு.

நான் உட்கார்ந்துவிட்டேன்.

"அந்த எண்ணெய்…"

"எண்ணெயெல்லாம் இல்ல. ரோஸ்கோ வில்லோட மேல் பட்டையையும் கீழ்ப் பட்டையையும் கழட்டிட்டு, லேசா வளையறத மாட்டிட்டாரு. மானுக்கு நாப்பத்தெட்டு தாராளம். எழுபதை வாங்கியிருந்தா இன்னிக்கு வெண்டலுக்குப் பக்கத்துக் கட்டில்ல படுத்திருப்ப. அதுவும் இல்லாம, நம்ம ரெண்டு பேருக்கும் கை ஒரே நீளம். வில்லு எனக்கு அப்படியே பொருந்துது."

"மானோட நெஞ்சுல அத்தன ஓட்டை…"

"நீ லாரிக்குப் போனதும் நான் தெனமும் நாப்பது அம்பு விட்டேன். ஸ்கூல் லீவுதான?"

"உனக்கு வேட்டை எப்படித் தெரியும்?"

ஜன்னல் பக்கம் திரும்பினாள். வெளியே இன்னும் இருட்டு, ஆனால் மரம் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

"இந்த எடத்துல பொறந்தவ நானு. அந்த மரத்துல முதல் பரண் கட்டினது எங்கப்பா. ஒம்பது வயசுல நான்தான் ஆணி எடுத்துக் குடுத்தேன். பதினெட்டு வயசு வரைக்கும் ஒவ்வொரு சீசனும் அது என் மரம். அப்புறம் உன்னக் கட்டிக்கிட்டேன், பிள்ளைங்க வந்துச்சு, யாராவது ஒருத்தர் வீட்ல இருக்கணும். வருஷா வருஷம் உனக்குக் காபி ஊத்தி அனுப்பிச்சுட்டு, இந்த ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டிருந்தேன்."

"ஏன் ஒரு தடவகூடச் சொல்லல?"

"நீ ஒரு தடவகூடக் கேக்கல."

பதினோரு காரணம் தயார் செய்கிறவன், இருபத்தாறு வருஷத்தில் ஒரு கேள்வி தயார் செய்யவில்லை. காபியை எடுத்து அவள் குடுவையில் ஊற்றிக் கொடுத்தேன். மேஜையில் கொஞ்சம் சிந்திவிட்டேன். தோள் வலி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவள் வாசலில் திரும்பினாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். பத்தொன்பது வயசில் பார்த்த முகம்.

"பீன்ஸ் பயறு ஊறவெச்சிருக்கு. ஐஸ்ல இருந்த கறி இளகியிருக்கும். அடுப்ப மூணாவது அளவுக்கு மேல ஏத்தாத. சாயங்காலம் எட்டுப் பேரு சாப்பிட வர்றாங்க. வர்றேன், கண்ணு."

போய்விட்டாள்.

நான் பீன்ஸை முறைத்தேன். பீன்ஸ் என்னை முறைத்தது. வெளியே விடிந்தது. ஏமாற்றப்பட்டவன் கோபப்பட வேண்டும். முயற்சி செய்தேன். ஆனால் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை ஜன்னலுக்கு ஓடி மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது? மேயருக்கு அவள் வாசனை போய்விடுமோ? முழங்கையை ஏற்றிப் பிடித்திருப்பாளா? கரண்டியோடு நின்று வேண்டிக்கொண்டேன். எனக்காக வேட்டையாடினபோதுகூட நான் இவ்வளவு படபடத்ததில்லை.

ஏழரைக்கு போன் அதிர்ந்தது. ஆர்லிஸிடமிருந்து செய்தி.

'மேயர் விழுந்தாச்சு. ஒரே அம்பு. இருபது அடிகூட ஓடல. தள்ளுவண்டி கொண்டா. வரும்போது அடுப்ப அணைச்சிட்டு வா.'

நான் குதித்தேன். நிஜமாகவே குதித்தேன். நாய் பயந்து மேஜைக்கு அடியில் போனது. "மேயர்! மேயர்!" என்று கத்திக்கொண்டு, அடுப்பை அணைத்துவிட்டு, வேலியைத் தாண்டி ஓடினேன். மான் ஏற்றுகிற தள்ளுவண்டி வெண்டல் வீட்டில் இருந்தது. ஓடும்போதே ஒரு நினைப்பு வந்தது. வெண்டலிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். டேப், எண்ணெய், வீட்டார், எல்லாம். அவன் ஒருத்தனுக்குத்தான் என் வயிற்றெரிச்சல் புரியும். ரெண்டு ஆம்பளைகளும் சேர்ந்து இதற்கு ஒரு வழி பண்ண வேண்டும்.

கதவைத் தட்டினேன். வெண்டல் திறந்தான். ஒரு கை தொட்டிலில். உடம்பில் பெவ்வின் பூப்போட்ட சமையல் ஏப்ரன். கண் இரண்டிலும் பொலபொலவென்று தண்ணீர்.

"டேய், ஏன்டா அழற?"

"அழல. வெங்காயம்."

"பெவ் எங்க?"

"ஆத்து வளைவுல. பரண்ல."

"பெவ்வா? அவ என்னிக்கு வில்லப் பிடிச்சா?"

"ஜூலையில. உன் பொண்டாட்டிதான் சொல்லிக் குடுத்தாளாம். நாம ரெண்டு பேரும் வேலைக்குப் போனதும், என் வைக்கோல் கொட்டகைக்குப் பின்னாடி, உன் பழைய வில்லுல." அவன் மூக்கை உறிஞ்சினான். "இப்பத்தான் சேதி அனுப்பிச்சா. அவளும் ஒண்ணு அடிச்சிட்டாளாம்."

வெண்டல் திரும்பி ரோட்டைப் பார்த்தான். யாரும் இல்லை. என் காதுக்குப் பக்கத்தில் வந்தான். குரலைத் தாழ்த்தினான். இதோ, திட்டம்!

"டெல்மர், யார்கிட்டயும் சொல்லிராத. வெங்காயத்தப் பொடிசா நறுக்கணும்னு எழுதி வெச்சிட்டுப் போயிருக்கா. பொடிசுன்னா எவ்வளவுடா பொடிசு?"

நான் கத்தியை வாங்கி நறுக்கிக் காட்டினேன்.